வாத்து காட்டிக் கொடுக்காது!

"மாமா...!"

அந்த அலறலில் பிள்ளையார்பாளையத்தின் அந்தத் தெருவே திரும்பியது.

பாவு சரிந்தது!

தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விறைப்பாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் காய வேண்டிய அரக்கு நிறப் பட்டு இழைகள். அதன் முனையைப் பிடித்திருந்த உமாபதி முழங்கால் மடங்கி விழ, பட்டும் அவரோடு மண்ணில் விழுந்தது.

வாயோரம் நுரை.

விரல்கள் மட்டும் இழையை விடவில்லை.

அவருக்கு எதிரே காலிச் சொம்போடு நின்றாள் துர்காதேவி. அவருடைய மருமகள்.

"இன்னாம்மா ஊத்தின அவருக்கு?" பாவின் நடுவில் நின்றிருந்த பக்கத்து வீட்டு கந்தன் கத்தினார்.

"காபி... காபிதாண்ணா..."

"எங்களுக்கும் அதைத்தானே ஊத்தின!"

பாவு போடுகிற அன்று யாரும் கையை எடுக்க முடியாது. கை முழுக்கக் கஞ்சிப் பசை. ஒருவர் விட்டால் எல்லார் உழைப்பும் தொய்ந்துபோகும். அதனால் வீட்டுப் பெண் சொம்போடு வருவாள். எல்லாரும் அண்ணாந்து வாயைத் திறப்பார்கள். உதடு படாமல் ஊற்றிக்கொண்டே போவாள்.

கடைசி ஆளான உமாபதியிடம் வரும்போது சொம்பு காலி.

"பரவால்லம்மா. எனக்கு அப்புறம்" என்றார் அவர்.

அவள்தான் கேட்கவில்லை. உள்ளே ஓடிப்போய், தனக்கென்று டம்ளரில் ஊற்றி மூடி வைத்திருந்த காபியைச் சொம்பில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். அவர் அண்ணாந்தார். ஊற்றினாள்.

இரண்டு மிடறு போனதும் அவர் முகம் சுருங்கியது.

"காலியாயிடுச்சின்னியே... எங்கருந்தும்மா இது?"

"எனக்கு எடுத்து வச்சிருந்தேன் மாமா. அதைத்தான்..."

அவர் அவளைப் பார்த்தார்.

கோபம் இல்லை. பயம்கூட இல்லை. தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டு, அது ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு தெரிந்துகொள்கிற மனிதனின் பார்வை.

அப்புறம்தான் விழுந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஆட்டோவில் உயிர் போய்விட்டது.

* * *

"எதுக்கும்மா கொன்ன?"

இன்ஸ்பெக்டர் அம்சாவுக்கு முன்னுரை வைக்கிற பழக்கம் இல்லை. திருப்புட்குழிக்காரர். பட்டு கட்டிப் பழக்கம் இல்லாதவர். பட்டு கட்டியவர்கள் பொய் சொல்லும்போது முகம் எந்தப் பக்கம் கோணும் என்பது மட்டும் நல்ல பழக்கம்.

"நான் கொல்லல மேடம்."

"காபி நீ போட்டது. சொம்பு உன் கையில. வாயில ஊத்தினது நீ. தெருவே பார்த்துக்கினு இருந்திருக்குது. வேற யாரைக் கேக்கட்டும், சொம்பையா?"

ஏட்டு கிறிஸ்டோபர் இருமி, சிரிப்பை மறைத்தார்.

"எல்லாருக்கும் அதே சொம்புலதான் மேடம் ஊத்தினேன்..."

"அவங்க எல்லாரும் நல்லாதான் இருக்காங்க. நீ வீட்டுக்குள்ள போயிட்டு வந்து ஊத்தினியே, அதுலதான் விஷம். சாயப் பட்டறையில புழங்கற மருந்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியார் கமலவேணி மார்பில் அடித்துக்கொண்டாள்.

"பாவி! பெத்த பொண்ணு மாதிரி வச்சிக்கினு இருந்தாரேடி உன்னை! 'துர்காவைத் திட்டாத, துர்காவைத் திட்டாத'ன்னு எங்கிட்ட சண்டை போட்ட மனுசன்டி அவரு!"

துர்கா மாமியாரைப் பார்த்தாள். அது பொய் இல்லையே!

அந்த வீட்டில் அவளுக்காகப் பேசிய ஒரே குரல் அது. இனி அதுவும் இல்லை. அதை நிறுத்தியது தன் கையே என்பதை அவளால் யோசிக்கக்கூட முடியவில்லை. யோசனை அதன் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பியது.

பெஞ்சின் மறு முனையிலிருந்து எழுந்தான் அவள் கணவன் ஜெயக்குமார். கையில் போன்.

"மேடம்... இதையும் பாத்துடுங்க. இன்னிக்கி விடியக்காலைல இவ போன்ல தேடினது."

"இது அவங்க போனா?"

"இது என் போன். அவ போன்ல இருக்கற அக்கவுன்ட்டும் என்னுதுதான். அவ எதைத் தேடினாலும் இங்க வந்து நின்னுடும்." அவன் குரலில், அப்பா செத்த அன்றைக்கும், ஒரு சின்னப் பெருமை.

"பொண்டாட்டி தேடறதை நீ எதுக்குய்யா படிக்கிற?"

"நான் புருஷன் மேடம்."

"ஓஹோ... அது என்ன, தனி டிபார்ட்மென்ட்டா?"

ஆனாலும் அம்சா போனை வாங்கினார். படித்தார். புருவம் இறங்கியது.

"'வலி தெரியாம சாவறது எப்படி'... 'சாய மருந்து குடிச்சா உயிர் போவுமா'..." நிமிர்ந்தார். "துர்காதேவி! காலைல நீ தேடறே. வெயில் வர்றதுக்குள்ள அவர் சாகறாரு. இப்பவும் நான் கொல்லலன்னுதான் சொல்லப் போறியா?"

"நான் தேடல மேடம்! போன் சமையல்கட்டுல சார்ஜ்ல கிடந்துச்சி. நான் தெருவுல பாவுல நின்னுக்கினு இருந்தேன்..."

"காபி எடுக்க உள்ள போனியா, இல்லையா?"

"போனேன்..."

"போன் சமையல்கட்டுல. காபியும் சமையல்கட்டுல."



நாலு சுவர் மட்டும் இருந்தால் அறை. நாலு சுவரும் நெருங்கி வந்தால்...?

"லாக் போட்டிருந்ததா போன்ல?"

"எங்க வூட்ல யாரும் போனைப் பூட்டறதில்ல மேடம்" என்றான் ஜெயக்குமார். "ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாதவங்களுக்கு லாக் எதுக்கு?"

துர்கா அவனைப் பார்த்தாள். இதே வாக்கியத்தை அவன் எத்தனை தரம் சொல்லியிருக்கிறான்! அவளுக்கு அது வாக்கியமாகவே கேட்பதில்லை. தாழ்ப்பாள் விழுகிற சத்தமாகத்தான் கேட்கும்.

"மேடம்..." மெல்லச் சொன்னாள். "நான் விஷம் தேடறதா இருந்தா, இதுல தேடியிருக்க மாட்டேன்."

"வேற எதுல தேடுவ?"

"வாத்துல."

அம்சா கிறிஸ்டோபரைப் பார்த்தார். கிறிஸ்டோபர் கூரையைப் பார்த்தார்.

* * *

ஆறேழு மாதம் முன்னால் அது தொடங்கியது.

ராத்திரிச் சாப்பாட்டில் பேப்பர் படிக்கிற மாதிரி அவள் தேடியதை உரக்கப் படிப்பது ஜெயக்குமாருக்கு வழக்கம்.

"'காரணமில்லாமல் அழுகை வருவது ஏன்'... ஏய், உனக்கு இன்னா கொறை வச்சேன்னு அழுவுற?"

"சும்மா தேடினேங்க."

"'திருமணமான பெண் அஞ்சல் வழியில் படிக்க'... எதுக்கு? கலெக்டர் ஆவப் போறியா?"

கமலவேணி சிரிப்பாள். உமாபதி மட்டும் தட்டைப் பார்த்தபடி, "வுட்றா. பொண்ணு ஏதோ தேடிச்சி" என்பார்.

அடித்தால் காயம் இருக்கும். காட்டலாம். இதற்கு எதைக் காட்டுவது? மனதில் ஒரு கேள்வி முளைக்கும்போதே, இதைக் கணவர் எந்தக் குரலில் படிப்பார் என்று இன்னொரு கேள்வி முளைத்துவிடும். கொஞ்ச நாளில் அவள் தேடுவதை நிறுத்தினாள். இன்னும் கொஞ்ச நாளில் யோசிப்பதையே நிறுத்தத் தொடங்கினாள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

தெரு முனையில் இ-சேவை மையம் வைத்திருந்த ஜெயப்ரியாவிடம், ரேஷன் கார்டுக்குப் போன சாக்கில் கேட்டாள்.

"ப்ரியா... யாருக்கும் தெரியாம தேட முடியுமா?"

ஜெயப்ரியா ஏன் என்று கேட்கவில்லை. அதற்காகவே துர்காவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

"முடியும்க்கா. இத பாரு... பட்டுக் கடைக்குப் போற. ஒரு கடையில, நீ யாரு, எந்தப் புடவையைத் தொட்ட, எதைப் பாத்துப் பெருமூச்சு வுட்ட, எல்லாத்தையும் எழுதி வச்சிக்குவான். இன்னொரு கடையில, கேட்டதை எடுத்துப் போடுவான், நீ படியிறங்கினதும் உன்னை மறந்துடுவான். இப்ப நீ தேடறது மொதக் கடை. மறக்கிற கடைங்களும் இருக்குது."

"எது?"

"டக் டக் கோன்னு ஒண்ணு. வாத்து படம் போட்டிருக்கும். இன்னொண்ணு இருக்குது, ஸ்டார்ட்பேஜ்னு. அது உன் கேள்வியை வாங்கிக்கினு போயி, கேக்கறது நீதான்னு சொல்லாம பதிலை எடுத்தாரும். உனக்கு வாத்து சுலுவா இருக்கும்."

"தொப்பியும் கண்ணாடியும் போட்டு ஒரு ஆள் வருவானே, அது?"

"அந்த இன்காக்னிட்டோ ஆளு இந்தப் போன்ல மட்டும்தான் அழிப்பான்க்கா. வெளில இருக்கறவனுக்கு எல்லாம் தெரியும். தொப்பி போட்டா ஆளே மாறிடுவாங்களா?" ஜெயப்ரியா சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்தினாள். "ஆனா கேட்டுக்கோ. வாத்து, நீ தேடினதைத்தான் மறக்கும். நீ எந்த சைட்டுக்குள்ள போறியோ அவனுக்கு நீ வந்தது தெரியும். வீட்டு வைஃபை யாரோடதோ, அவருக்கும் எந்த சைட்டுன்னு தெரிய வாய்ப்பிருக்குது. உன் டேட்டாவுல தேடு. அவர் அக்கவுன்ட்டு இல்லாத வேற பிரவுசர் போட்டுத் தரேன். மூடினா அதுவே ஹிஸ்டரியை அழிச்சிக்கும்."

"திடீர்னு நான் ஒண்ணுமே தேடலன்னா அவருக்குச் சந்தேகம் வராதா?"

"அதான் நானும் சொல்ல வந்தேன். பழைய எடத்துல அவருக்குன்னு கொஞ்சம் தேடி வை. வத்தக்குழம்பு, கோலம், அந்த மாதிரி. ராத்திரி படிக்கறதுக்கு அவருக்கும் ஏதாச்சும் வேணுமில்ல?"

அன்றிலிருந்து துர்காவுக்கு இரண்டு மனம். ஒன்று கணவனுக்குப் படிக்கக் கொடுக்க. அதில் எப்போதும் குழம்பு கொதித்தது. இன்னொன்று அவளுக்கு.

அந்த இரண்டாவதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. மழைக்கு முன்னால் மண் ஏன் மணக்கிறது என்று ஒரு நாள் கேட்டாள். இந்த வயதில் டிகிரி எழுத முடியுமா என்று ஒரு நாள். ஒருவரை வெறுக்காமலே அவரைவிட்டுப் போகலாமா என்று ஒரு நாள்... அதற்கு வாத்திடம் பதில் இல்லை. ஆனால் கேட்க முடிந்தது! கேட்டதும் மூச்சு இறங்கியது.

* * *

"சரி" என்றார் அம்சா. "வாத்துல என்னதான் தேடின? காட்டு. எல்லாம் மண் வாசனையும் டிகிரியும்தான்னா, எனக்கும் நம்பறதுக்கு ஒரு காரணம் கிடைக்கும்."

"காட்ட முடியாது மேடம்."

"ஏன்?"

"அதுல ஒண்ணும் இருக்காது. அது எதையும் வச்சிக்காது."

கிறிஸ்டோபர் அவள் போனை வாங்கி, அந்த பிரவுசரைத் திறந்து தட்டிப் பார்த்தார். சைபர் கிரைமில் கொஞ்ச நாள் பயிற்சி எடுத்தவர். உதட்டைப் பிதுக்கினார்.

"க்ளீன் மேடம். தொடச்சி வச்ச மாதிரி இருக்குது."

"பாத்தீங்களா மேடம்?" ஜெயக்குமார் எகிறினான். "எனக்கே தெரியாம! இன்னும் இன்னா இன்னா தேடினாளோ! தப்பு பண்ணாதவ எதுக்கு அழிக்கிறா?"

"நீ உக்காருய்யா."

உட்கார்ந்தான். ஆனால் அவன் கேட்டது உட்காரவில்லை. அந்த அறையில் எல்லார் முகத்திலும் அது நின்றது.



தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள துர்கா ஒரே ஒரு அறை கட்டினாள். யாரும் எட்டிப் பார்க்காத அறை. இப்போது அந்த அறை காலியாக இருப்பதே குற்றம்! அவள் தேடாதது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அவள் தேடியது யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருக்க வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டாள்?

"மேடம், ரிமாண்டுக்கு எழுதிடவா?" என்றார் கிறிஸ்டோபர்.

"எழுதுங்க."

பேனா மூடி திறக்கிற சத்தம்.

துர்கா மேஜைமேல் கிடந்த கணவனின் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயரில் யாரோ யோசித்த யோசனைகள். வலி தெரியாம சாவறது எப்படி...

வலி தெரியாமல்?

"மேடம்!"

"என்ன?"

"அடுத்தவங்களைக் கொல்லப் போறவ, வலி தெரியுமா தெரியாதான்னு ஏன் மேடம் கவலைப்படணும்?"

கிறிஸ்டோபரின் பேனா நின்றது.

"அந்தக் காபி யாருக்குன்னு நீங்க கேக்கவே இல்லையே மேடம்." அவள் குரல் நடுங்கியது. "அது என் டம்ளர். எங்க வூட்ல எல்லாரும் குடிச்சப்புறம்தான் நான் குடிப்பேன். மூடி வச்சிட்டுப் போனா வேற யாரும் தொட மாட்டாங்க. அன்னாடம் அப்படித்தான். மாமாவுக்கு நான் ஊத்துவேன்னு எனக்கே தெரியாதே... சொம்பு காலியானதாலதான்..."



"நான் குடிச்சிருந்தா..." அவளே முடித்தாள். "இந்நேரம் ஆஸ்பத்திரில நான் கிடப்பேன். என் போனை எடுத்துப் பாப்பீங்க. இதெல்லாம் இருக்கும். வாழப் புடிக்காம செத்துட்டான்னு எழுதி மூடியிருப்பீங்க!"

அம்சா மெதுவாகத் திரும்பினார்.

ஜெயக்குமார் பக்கம்.

"அந்த அக்கவுன்ட்டு யாரோடதுய்யா?"

"மே... மேடம்! நான் இல்ல! நான் பாவுலதான் நின்னேன்! கந்தனைக் கேளுங்க! எங்கம்மா மேல சத்தியமா!"

"என்னை ஏன்டா இழுக்கிற?" என்றாள் கமலவேணி.

"ஏட்டய்யா! இவன் காட்டினதை மட்டும் பாத்துக்கினு இருந்தோம். முழுசா திறங்க."

கிறிஸ்டோபர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். வத்தக்குழம்பு. சிக்குக் கோலம். பீர்க்கங்காய்த் துவையல். அப்புறம், அதே காலையில், மூன்றாவதாக ஒன்று.

உரக்கப் படித்தார். பாதியில் குரல் குழம்பியது.

"'வாழப் பிடிக்கல என்ன செய்யறது கஞ்சி இதோ எடுத்துக்கினு வரேன்'..."

"என்னய்யா படிக்கிறீங்க?"

"இருக்கறதைத்தான் மேடம் படிக்கிறேன்!"

"சாவுக்கும் கஞ்சிக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"இது தட்டினது இல்ல மேடம்." கிறிஸ்டோபரின் கண் பளிச்சிட்டது. "பேசினது! பாருங்க, ஓரத்துல மைக் படம். குழம்புக்கெல்லாம் அது இல்ல. இந்த மூணுக்கும்தான் இருக்குது. மைக்கைத் திறந்து வச்சிப் பேசும்போது நடுவுல வேற யாருக்கோ பதில் சொல்லியிருக்காங்க. அதையும் சேர்த்து வாங்கிக்கிச்சு!"

துர்காவுக்குப் புரிந்தது. கஞ்சி ஒட்டின கையால் போன் திரையைத் தட்ட முடியாது. பாவு போடுகிற அன்று அந்தத் தெருவில் யாருக்குப் போன் வேண்டுமென்றாலும் முழங்கையால் அமுக்கி, வாயால்தான் சொல்வார்கள்.

கைமுழுக்கக் கஞ்சியோடு யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள்.

"பேசினதோட சத்தம் இருக்குமா ஏட்டய்யா?"

"சாதாரணமா இருக்காது மேடம். அந்த செட்டிங்கை நாமளாப் போய் ஆன் பண்ணினாத்தான் சேர்த்து வைக்கும். யாரு அதைப் போய்..." நிறுத்தினார். மேலே பார்த்தார். "மேடம்! ஆன்ல இருக்குது!"

எல்லாரும் ஜெயக்குமாரைப் பார்த்தார்கள்.

"நான்தான் ஆன் பண்ணேன்" என்றான் எச்சில் விழுங்கி. "இவ போன்ல இன்னா பேசறான்னு... எல்லாத்தையும் ஆன் பண்ணி வச்சேன்."

"தட்டுங்க ஏட்டய்யா."

கிறிஸ்டோபர் தட்டினார்.

முதலில் கொரகொரவென்று மூச்சு. அப்புறம் தூரத்தில், தெருவிலிருந்து, ஒரு பெண் குரல்.

'மாமா...! கஞ்சி பத்தல மாமா!'

துர்காவுக்கு உடல் சிலிர்த்தது. அது அவள் குரல். காலையில் தெருவில் நின்று அவளே கூப்பிட்டது.

அப்புறம் மிக அருகில், தணிந்த, நிதானமான ஓர் ஆண் குரல்.

'வாழப் புடிக்கல... இன்னா செய்யறது...'

அதே குரல், திரும்பி, வாய் நிறைய அன்போடு:

'கஞ்சி... இதோ எடுத்துக்கினு வரேன்!'

நின்றது.

ஜெயக்குமார் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

கமலவேணி எழுந்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு..." என்றாள். "அவரு குரலு... எங்க வூட்டுக்காரரு!"

செத்துப்போன உமாபதி!

* * *

உமாபதி வீட்டுத் தறிக்குழிக்குள், கால் மிதிகட்டைக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருந்த மருந்து பாட்டிலைக் கிறிஸ்டோபர் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பாட்டிலின் மேல் காய்ந்த கஞ்சி. அதில் விரல் ரேகை அச்சு அச்சாக.

"ஏன்?" என்று துர்கா மட்டும்தான் கேட்டாள். யாரைக் கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "அவர்கிட்ட மட்டும்தான் மேடம் சொன்னேன். 'நான் போயிடறேன் மாமா, எனக்கு இங்க மூச்சு முட்டுது'ன்னு. தலையைத் தடவிக் குடுத்து, 'போலாம்மா, இந்தப் பாவு முடியட்டும்'னாரு..."

அவரையும் ஒரு வாத்து என்றுதான் நினைத்தாள். கேட்டுக்கொண்டு மறந்துவிடுகிற மனிதர் என்று. அவரோ எழுதி வைத்துக்கொள்கிற கடையாக இருந்திருக்கிறார்.

"வூடு" என்றாள் கமலவேணி, யாரையும் பார்க்காமல். அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது. "வூடு இவ பேர்ல இருக்குது. பொம்பளை பேர்ல பதிஞ்சா செலவு கம்மின்னு அவர்தான் பதிஞ்சாரு. ஒரு மாசமா தூங்கல அவரு. 'இவ போனா வூடும் போயிடும், நாலு தறியும் போயிடும்'னு பொலம்பிக்கினே இருந்தாரு. பொலம்பறாருன்னுதான் நினைச்சேன்மா... சாமி சத்தியமா, பொலம்பறாருன்னுதான் நினைச்சேன்."

"கேட்டிருந்தா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேனே அத்தை" என்றாள் துர்கா.

"கஞ்சி எடுக்க உள்ள வந்தப்போ உன் டம்ளர்ல கலந்துட்டு, நீ செத்தா வீடு மகன் கைக்கு வந்துடும்னு கணக்குப் போட்டிருக்காரு" என்றார் அம்சா.

ரிமாண்டுக்காக எழுதிய தாளை அம்சா நாலாகக் கிழித்தார்.

"கெளம்பும்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கணும். கடைசில உன்னைக் காப்பாத்தினது எல்லாத்தையும் எழுதி வச்சிக்கிற பழைய கடைதானே? வாத்து வாயே திறக்கலையே! இனிமே அதுக்கே திரும்பிடுவியா?"

துர்கா கலைந்த முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

"உங்க லாக்கப்புல கேமரா இருக்குது, வாசல்ல துப்பாக்கியோட ஆள் இருக்குது. ரொம்பப் பாதுகாப்புதான். அதுக்காக யாராச்சும் அங்க குடி போவாங்களா மேடம்?"

அம்சா சிரித்துவிட்டார்.

கிறிஸ்டோபர் மெல்ல அருகே வந்தார். "ஏம்மா... அந்த வாத்து என் போன்லயும் வருமா?"

"நீங்க என்னய்யா தேடப் போறீங்க?" என்றார் அம்சா.

"அதைச் சொல்லிட்டா அப்புறம் வாத்து எதுக்கு மேடம்?"

வெளியே வேப்பமர நிழலில் ஜெயக்குமார் நின்றிருந்தான். காலையில் பார்த்ததைவிட உயரம் குறைந்தவன் போலத் தெரிந்தான். ஆட்டோவில் கமலவேணி, முகத்தை மூடிக்கொண்டு.

"துர்கா... அப்பா இப்படின்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது." அவன் கண் கலங்கியிருந்தது. "வா, வூட்டுக்குப் போலாம்."

அவள் அவனையே பார்த்தாள். ஆச்சரியமாக இருந்தது. இப்போதும் வெறுப்பு வரவில்லை. ஆனால் வாத்திடம் பதில் கிடைக்காத அந்தக் கேள்விக்கு இப்போது அவளிடமே பதில் இருந்தது.

போகலாம்.

ஆனால் போக வேண்டியது, தான் இல்லை!

"போலாங்க. என் வூடுதானே?" ஆட்டோவில் ஏறி, மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை எங்கூட இருக்கட்டும். காரியமெல்லாம் முடியட்டும். அப்புறம் நீங்க ஒரு வாடகை வூடு பாத்துக்கினு போயிடுங்க."

"வாடகை வூடா...? நானா...? எங்கடி தேடுவேன்?"

ஆட்டோ உறுமியது. துர்கா வெளியே தலையை நீட்டினாள்.

"எதுல வேணா தேடுங்க. நான் எட்டிப் பாக்க மாட்டேன்!"